வீட்டுக்கு ஒரு கட்டைவிரல்

எங்கள் தெருவில் என்னை விரதக்காரர் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஊரே கையில் வைத்துக்கொண்டு அலையும் அந்தப் பச்சைச் செயலி என் போனில் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு என்னிடம் ஒரு பிரசங்கம் எப்போதும் தயாராக இருக்கும். நாம் யாரோடு பேசுகிறோம், எப்போது தூங்குகிறோம், எதைப் பார்த்ததும் விரலை நிறுத்துகிறோம் என்பதையெல்லாம் எங்கோ இருக்கும் ஒரு கம்பெனி குறித்து வைத்துக்கொள்கிறது. ஓசியில் சோறு போடுகிறவனுக்கு வேறு எங்கோ ஒரு கணக்கு இருக்கும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து காட்டாத மென்பொருளை வீட்டுக்குள் விடவே கூடாது. டீக்கடையில் ஒருமுறை இதை முழுவதும் சொல்லி முடித்தேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிங்க, எந்தக் கோயிலுக்கு வேண்டிக்கிட்டீங்க?" என்றார்.

அவருக்கு என் பேச்சு புரியாமல் இல்லை. ஒருவன் வேண்டுமென்றே ஒன்றை விட்டுவிட்டு, விட்டதைப் பற்றியே எல்லோரிடமும் பேசிக்கொண்டு திரிந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே பெயர்தான். திருவிடைமருதூரிலிருந்து உள்ளே வரும் மினிபஸ் கடைசியாகத் திரும்பும் ஊர் எங்களுடையது. மாலை போட்டவர்களையும் கிருத்திகைக்கு ஒருவேளை சாப்பிடுகிறவர்களையும் மதிக்கத் தெரிந்த ஊர் என்பதால் என்னையும் மதித்தார்கள். மளிகைக்கடை பாய் மட்டும் ஒரு நாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "எங்களுக்கே வருசத்துல ஒரு மாசந்தான் நோன்பு. உங்களுக்குப் பெருநாளே கிடையாதா?" என்று கேட்டார்.

விரதம் இருக்கிறவருக்கு வேளாவேளைக்கு வடித்துப் போட வேறொருவர் வேண்டும். எனக்குப் பக்கத்து வீட்டு அக்கா இருந்தார். ஊர்க் குரூப்பில் என்ன வந்தாலும், காலையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் இடுப்புயரச் சுவரின் அந்தப் பக்கம் நின்று எனக்கு வாசித்துச் சொல்வார். கரண்ட் எப்போது போகும், குடிதண்ணீர் எப்போது வரும், யார் வீட்டில் காதுகுத்து, எங்கே உரம் வந்திருக்கிறது என்று ஒன்று விடாமல் சொல்வார். நாளடைவில் வெளியாட்களும் எனக்கு அனுப்ப வேண்டியதை அவர் நம்பருக்கே அனுப்பத் தொடங்கினார்கள். கும்பகோணத்தில் நான் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்த மறுநாள், அக்காவின் குரல் சுவரைத் தாண்டித் தெருமுனை வரைக்கும் போனது.

"தம்பி, ரிசல்ட் வந்துருச்சு! சுகரெல்லாம் ஒண்ணும் இல்லியாம். கொழுப்புதான் கூட இருக்காம்!"

எதிர்வீட்டு மாமா மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே, "அது பரிசோதனை பண்ணித்தான் தெரியணுமா?" என்றார். என் அந்தரங்கத்தைக் காப்பாற்றிக்கொள்ள நான் எடுத்த முடிவினால், என் அந்தரங்கம் தினமும் காலையில் இப்படி உரக்க வாசிக்கப்பட்டது. இந்த முரண்பாடு எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கொள்கை என்று ஒன்றைப் பிடித்த பிறகு இதையெல்லாம் பார்க்க முடியுமா?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சென்னையில் ஒரு கம்பெனிக்கு நான் வீட்டிலிருந்தபடி வேலை செய்கிறேன். அலுவலகத்துக்குள் ஆட்கள் பேசிக்கொள்வதற்கான ஒரு செயலியை அவர்கள் விற்கிறார்கள். அதில் எங்கள் குழு பார்த்துக்கொள்வது ஒரே ஒரு பொத்தான். யாராவது ஒரு வேலையைச் சொன்னால், கேட்டவர் பதில் எழுதிக்கொண்டிராமல் ஒரு தட்டுத் தட்டினால் போதும், 'பொறுப்பேற்றேன்' என்று பச்சையாக ஒரு அடையாளம் விழும். அந்தப் பச்சை எவ்வளவு பச்சையாக இருக்க வேண்டும் என்பதற்கே நாங்கள் பல கூட்டங்கள் போட்டிருக்கிறோம். சாராயக் கடைக் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு மதுவிலக்குப் பேசுகிற மாதிரிதான். சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் எனக்கு இது பெரிதாக உறுத்தவில்லை.

அக்கா என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பி.காம் படித்தவர். போன் விஷயத்தில் எனக்கு நேர் எதிர். மழை எப்போது வரும் என்று பார்க்க ஒன்று, பூச்சியைப் படம் எடுத்துப் போட்டால் மருந்து சொல்ல ஒன்று, ஷார்ஜாவில் இருக்கும் கணவரோடு முகம் பார்த்துப் பேச ஒன்று என்று போன் நிறைய வைத்திருந்தார். ஊர்க் குரூப்பை ஆரம்பித்ததே அவர்தான். தெருவில் என் வீட்டைத் தவிர ஒரு வீடு பாக்கியில்லாமல் சேர்த்துவிட்டிருந்தார். நான் சேராதது அவருக்குக் கொஞ்சம் மானக்குறைவாகவே இருந்தது.

அந்த வருடம் அவர் முதல் தடவையாகத் தன் பேரில் குத்தகைக்கு நிலம் எடுத்து சம்பா நட்டிருந்தார். வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பத்தின் நிலம், வடிகால் ஓரத்துப் பள்ளம். கணவருக்கு இதில் இஷ்டமே இல்லை. "ஒரே ஒரு வெள்ளாமை செஞ்சு பாரு. வரலைன்னா நெலத்தைக் குடுத்துட்டு, வீட்டப் பூட்டிக்கிட்டு, கும்மோணத்துல அக்கா வீட்டு மாடிக்குப் போயிரணும்" என்று சொல்லியிருந்தார். அவருடைய அக்கா வீட்டு மாடி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதைப் பற்றிச் சொல்லும்போது பக்கத்து வீட்டு அக்காவின் முகம் போகிற போக்கைப் பார்த்திருக்கிறேன். பள்ளத்தில் நட்டது வெறும் நாற்றல்ல என்று எனக்குத் தெரியும்.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. மேட்டு வயல்களில் தண்ணீர் ஏறி இறங்கிவிட்டது. இறங்கிய தண்ணீரெல்லாம் அக்காவின் பள்ளத்தில் வந்து நின்றது. வடிகால் வாய்க்கால் ரோட்டுக்கு அடியில் போகும் இடத்தில் ஒரு குழாய்ப்பாலம் இருக்கிறது. அதன் வாயில் ஆகாயத்தாமரை, கோரை, பிளாஸ்டிக் பை, யார் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியோ ஒன்று எல்லாம் சேர்ந்து அடைத்துக்கொண்டுவிட்டது. பொக்லைன் கொண்டுவரலாமென்றால் கரை ஊறிப்போய்க் கிடந்தது. வண்டியே வாய்க்காலுக்குள் இறங்கிவிடும். ஆட்கள் இறங்கிக் கையால் இழுத்துப் போட வேண்டும், வேறு வழியில்லை. தண்ணீருக்கு மேலே பயிரின் நுனி மட்டும் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே நின்றால் அழுகிவிடும்.

எங்கள் பக்கம் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு உண்டு. வாய்க்கால் வேலை என்றால் வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும். யார் வயலுக்காக வேலை நடக்கிறதோ அவர் வீட்டில் சாப்பாடு. அந்தக் காலத்தில் எல்லோரும் ஊர்ப்பற்றினால் ஓடிவந்தார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. வராதவன் பேரைக் கோயில் வாசலில் வைத்து நாறடிப்பார்கள். அதற்குப் பயந்து வந்தார்கள். தமுக்கு அடித்துச் சொன்ன இடத்தில் இப்போது குரூப் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அக்கா குரூப்பில் போட்டார். நாளைக் காலை, குழாய்ப்பாலம், வீட்டுக்கு ஒரு ஆள், சாப்பாடு நம் வீட்டில். போட்ட கையோடு கட்டைவிரல்கள் வந்து விழ ஆரம்பித்தன. அவர் சுவரோரம் வந்து எனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு. "மேலத் தெருவுலேர்ந்துகூடப் போட்டிருக்காங்க தம்பி. நாப்பதுக்கு மேல வந்துருச்சு. நீங்க சும்மா குத்தம் சொல்லிக்கிட்டே இருக்கீங்களே, இப்பப் பாருங்க."

நான் பார்த்தேன். ஒப்புக்கொள்ளவும் செய்தேன், கொஞ்சம் எரிச்சலோடு. அப்புறம் அவர், "நீங்களும் வருவீங்கதானே?" என்று கேட்டார். கேட்டவர் எதிரே நின்றுகொண்டிருந்தார். என்னிடம் தட்டுவதற்குப் பொத்தான் ஒன்றும் இல்லை. "வர்றேன்க்கா" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டியதாகிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் அவர் வீட்டுக் கொல்லையில் இரண்டு பெரிய தேக்சாக்கள் அடுப்பில் இருந்தன. கட்டைவிரலை எண்ணி அரிசி களைந்திருந்தார். புளிசாதமும் துவையலும். வாழை இலையை வாட்டி, பொட்டலம் கட்டி, ஈரத்துணி போட்டு மூடி வைத்துவிட்டுப் பாலத்துக்கு வந்தார். நான் யாரிடமோ இரவல் வாங்கிய மண்வெட்டியுடன் நின்றேன். தாமரை இழுப்பதற்கு மண்வெட்டி எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எதிர்வீட்டு மாமா வந்தார். அவருக்கு ரீசார்ஜ் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கொல்லையில் புகையைப் பார்த்துவிட்டு என்ன விசேஷம் என்று கேட்டு வந்தவர் அவர்.

அவ்வளவுதான் கூட்டம். கொள்கையால் போனில் இல்லாதவன் ஒருவன், காசு போடாததால் இல்லாதவர் ஒருவர். குரூப்பில் சேதியைப் பார்த்தவர்களில் வந்தவர், போட்ட அக்கா மட்டும்.

இறங்கினோம். மார்பளவு தண்ணீர், குளிர் எலும்பைத் தொட்டது. நான் ஒரு கொத்தை இழுத்துக் கரையில் போடுவதற்குள், பின்னால் இன்னொரு மெத்தை மிதந்து வந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டது. மாமா மூச்சு வாங்கினார். நான் வழுக்கி விழுந்து இரண்டு வாய் வாய்க்கால் தண்ணீர் குடித்தேன். அக்கா அடிக்கொரு தரம் ரோட்டைப் பார்த்தார். பால்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, எங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

வெயில் ஏறியபோது அக்கா கரையேறி, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தார். குரூப்பில் அந்தப் போட்டோ வந்திருந்தது. அதற்குக் கீழே கைகூப்பல்கள், கைதட்டல்கள், ஒற்றுமையே பலம் என்று பூப்போட்ட படம். ஒருவர், 'வேலை முடிந்ததா? வாழ்த்துகள்' என்று எழுதியிருந்தார். அக்கா அப்படியே ஈரக் கரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ஷார்ஜாவிலிருந்து அழைப்பு வந்தது. அது அடித்து ஓயும் வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், எடுக்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது.

இந்த மாதிரி நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தவன் இல்லை நான். "இதைத்தான்க்கா நான் அன்னையிலேர்ந்து சொல்லிக்கிட்டு இருக்கேன். அந்த ஆப்பையே அப்படித்தான் பண்ணி வெச்சிருக்கான். தட்டுனவுடனே மனசுக்குச் செஞ்சு முடிச்ச மாதிரி ஆயிருது. இதுக்குப் பேரு..."

"தம்பி," என்றார் அக்கா. "வண்டி எடுத்துக்கிட்டு வாங்க."

என் ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் பொட்டலங்கள் அடுக்கிய ஒரு தேக்சா, பின்னால் இன்னொரு தேக்சாவை மடியில் அணைத்தபடி அக்கா. இரண்டு பேர் மேலும் சேறு. முதல் வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னார். வீட்டுக்காரர் பல்லில் பிரஷ்ஷோடு வந்தார். அக்கா ஒரு பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"ஒங்களுக்குன்னு சமைச்சதுண்ணே. கட்டைவிரலு நேத்தே வந்துருச்சு. மிச்ச ஆளு எப்ப வருவாரு?"

சத்தம் போடவில்லை. கிண்டல்கூட இல்லை. கல்யாணத்துக்கு வந்தவரிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்பார்களே, அந்தக் குரல். அவர் பொட்டலத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். வாயில் நுரை இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. நாங்கள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டோம்.

அன்றைக்குத்தான் ஒரு கட்டைவிரலுக்கு எத்தனை அர்த்தம் என்று தெரிந்துகொண்டேன். "பார்த்துட்டேன்னு போட்டேம்மா, வர்றேன்னா போட்டேன்?" என்றார் ஒருவர். "நல்லபடியா நடக்கட்டும்னு போட்டது" என்றார் இன்னொருவர். கை பட்டுவிட்டது என்றார் ஒருவர். மேலத் தெருவில் ஒருவர்தான் உள்ளதைச் சொன்னார்: "நாப்பது பேரு போட்டிருந்தாங்களே, நான் ஒருத்தன் இல்லாட்டி என்ன கொறைஞ்சிறப் போவுதுன்னு இருந்துட்டேன்." அந்த நாற்பது பேரும் இதே கணக்கைத்தான் போட்டிருந்தார்கள். ஊரே மொத்தமாகச் செய்த தப்பில் யாருக்கும் தன் பங்கு எது என்று தெரியவில்லை. எல்லோரிடமும் அக்கா அதே குரலில் அதே கேள்வியைக் கேட்டார், பொட்டலத்தைக் கையில் வைத்தார், வண்டியைத் தட்டி என்னைக் கிளப்பினார்.

எங்கள் ஊரில் ஒருவரோடு வாய்ச்சண்டை போடலாம், வரப்புச் சண்டை போடலாம், பத்து வருடம் பேசாமல்கூட இருக்கலாம். ஆனால் வேலைக்கென்று வடித்த சோற்றை வேலை செய்யாமல் சாப்பிட முடியாது, அது உள்ளே இறங்காது. அந்தப் பொட்டலத்தைத் தூக்கிப் போடவும் முடியாது, அன்னம். பாவம், அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

கடைசி வீட்டுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் பாலத்துக்குத் திரும்பியபோது, பிரஷ்காரர் மார்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். பொட்டலத்தை ஒரு ஒதியமரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் தங்கள் பொட்டலத்தையும் கொண்டுவந்தார்கள். மரம் முழுக்கப் பொட்டலமாகத் தொங்கியது. யாரும் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அரிவாள் கொண்டுவந்தார்கள், வடக்கயிறு கொண்டுவந்தார்கள், நாற்காலி தன்னுடையதுதான் என்று ஒருவர் ஒப்புக்கொண்டு எடுத்துக்கொண்டார். மத்தியானம் தாண்டி அடைப்பு விட்டது. குழாய்க்குள் தண்ணீர் இரைந்துகொண்டு போன சத்தத்தைக் கேட்டு அக்கா வாய்விட்டு அழுதார். அதற்கப்புறம்தான் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

பயிர் கொஞ்சம் மஞ்சளடித்தது, பள்ளத்தின் மூலையில் ஒரு துண்டு போய்விட்டது. மற்றதெல்லாம் தேறிக்கொண்டது. தை முடிந்து அறுவடையும் ஆயிற்று. கும்பகோணத்து மாடிப் பேச்சு அத்தோடு நின்றது. அடுத்த வருடத்துக்கும் அதே நிலத்தைக் குத்தகை பேசினார்.

அடைப்பு எடுத்த அன்று சாயங்காலமே அக்கா தான் ஆரம்பித்த குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார். யார் எவ்வளவு கூப்பிட்டும் திரும்பிப் போகவில்லை. நான் முதலில் சந்தோஷப்பட்டேன். எனக்கு ஒரு ஜோடி கிடைத்ததே. ஆனால் மறுநாள் காலையில் சுவரோரம் சத்தமே இல்லை. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாமல் அலுவலகக் கூட்டத்தின் நடுவே என் இணைய இணைப்பு அறுந்தது. அதுகூடப் போகட்டும். உரம் வந்த சேதி அக்காவுக்குத் தெரியாமல் போய், அவர் வெறும் கையோடு திரும்பிவந்ததைப் பார்த்தேன். பயிரைக் காப்பாற்றியவருக்கு உரம் கிடைக்காமல் போவதா?

நான் அந்தப் பச்சைச் செயலியைப் போனில் ஏற்றினேன். என் ஊர் முழுவதும் அதைத் திருவிழாவாகக் கொண்டாடியது. "விரதம் முடிஞ்சுதா? மொட்டை எங்க போட்டீங்க?" என்றார் டீக்கடைக்காரர். பாய் கடையில் பேரீச்சம்பழம் கொடுத்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் சுவரின் இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் நிற்கும் அக்காவுக்கு நான் குரூப்பை வாசித்துச் சொல்கிறேன். உரத்த குரலில் படித்துப் பழகிவிட்டேன். அக்காவுக்கு வரும் சேதி தெருவுக்கே கேட்கிறது என்று மாமா சொல்கிறார்.

போன வைகாசியில், ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்னால், அந்த மாமாவே குரூப்பில் ஒன்று போட்டிருந்தார். இப்போது அவர் ஒழுங்காக ரீசார்ஜ் செய்கிறார். அவர் வயலுக்குப் போகும் கிளை வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது, நாளைக் காலை வெட்ட வேண்டும், வீட்டுக்கு ஒரு ஆள். நான் அதை அப்போதே பார்த்துவிட்டேன். அக்காவிடமும் வாசித்துச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கூட்டம். எங்கள் பொத்தானுக்கு ஒரு புதிய வசதி சேர்க்கப்போகிறோம். ஒருவர் தட்ட மறந்துவிட்டால் அதுவே அவருக்காகப் பொறுப்பேற்றுக்கொள்ளும். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தோளில் மண்வெட்டியோடு சுவரோரம் வந்து நின்றார்.

"மாமா போட்டதுக்கு நீங்க கட்டைவிரல் போட்டீங்களா தம்பி?"

போனை எடுத்துப் பார்த்தேன். மாமாவின் சேதிக்குக் கீழே முதல் கட்டைவிரல் என்னுடையதுதான். எப்போது போட்டேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை.

"போட்டிருக்கேன்க்கா. ஆனா இப்ப ஒரு மீட்டிங்..."

மிச்ச ஆள் எப்போது வருவார் என்ற அந்தப் பழைய கேள்வியைக்கூட அவர் கேட்கவில்லை. அவர் கையில் மாமா வீட்டில் கட்டிய இரண்டு பொட்டலங்கள் இருந்தன. ஒன்றைச் சுவரின் மேல் வைத்துவிட்டு வாய்க்காலைப் பார்த்து நடந்தார்.

எழுந்துபோய் அதைத் தொட்டுப் பார்த்தேன். இலை இன்னும் சூடாக இருந்தது.